டிரம்மில் இருந்த லேபிள் பாட்டிலில் எங்கே?

(தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாயப்பட்டறையிலிருந்து வந்த அண்ணன்கள் இங்க இருக்கீங்க. தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற அக்காக்கள் இருக்கீங்க. சிங்கப்பூர், மலேசியா வேலைக்குப் போக பாஸ்போர்ட்டோடு காத்திருக்கிற தம்பிகளும் இருக்கீங்க. உங்க எல்லாருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ரசாயன டிரம் மேலயும் கேன் மேலயும் ஒட்டியிருக்கிற லேபிள்.

சிவப்புக் கோட்டில் சாய்சதுரம், உள்ளே கறுப்பில் ஒரு படம். மண்டை ஓடு, தீச்சுடர், கையில் சொட்டும் அமிலம். பார்த்திருப்பீங்க. ஜெர்மனியிலிருந்து வந்த டிரம்மிலும் அதே படம், கொரியாவிலிருந்து வந்த டிரம்மிலும் அதே படம். இது தற்செயல் இல்லை. பல நாட்டு அரசுகள் பல வருஷம் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட விஷயம். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிட்டு, நம்ம வேலையிடத்துக்கு வர்றேன்.

ஒரே பொருள், நாட்டுக்கு ஒரு பெயர்

முதலில் பிரச்சினை என்னன்னு பார்ப்போம். ஒரு ரசாயனம் எவ்வளவு நச்சு என்பதை அளக்க, சோதனை விலங்குகளில் பாதி இறந்துபோகும் அளவு என்ன என்று கணக்கிடுவார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 257 மில்லிகிராம் என்று ஒரு பொருளுக்கு வருகிறது என வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் 'ஓஷா' என்ற பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, தன் வழிகாட்டிக் கையேட்டில் காட்டும் உதாரணம் இது.

பழைய விதிகளின்படி இந்தப் பொருளுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் 'நச்சு' என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்திலும் மலேசியாவிலும் 'தீங்கு விளைவிக்கும்', அவ்வளவுதான். சீனாவில் 'ஆபத்தானது அல்ல'. இந்தியாவில்? 'நச்சற்றது'!

பொருள் மாறவில்லை. அதைத் தொடுகிற மனிதனின் தோலும் நுரையீரலும் மாறவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் லேபிள் மட்டும் மாறுகிறது. ஒரு நாட்டில் கையுறை போட்டுத் தொடும் பொருளை இன்னொரு நாட்டில் வெறுங்கையால் அள்ளுகிறார்கள். ஏன்னா, லேபிள் அப்படிச் சொல்லுது.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று 1992-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் முடிவானது. பத்து வருஷ வேலைக்குப் பிறகு 2002-ல் ஐ.நா. குழு ஒரு பொது முறையை ஏற்றது. 2003-ல் அது புத்தகமாக வந்தது. அதன் சுருக்கப் பெயர் ஜி.எச்.எஸ். ரசாயனங்களை வகைப்படுத்தவும் லேபிள் ஒட்டவும் உலகம் முழுக்க ஒரே முறை என்பதுதான் அதன் அர்த்தம். இது சட்டம் அல்ல. எந்த நாடு வேண்டுமானாலும் எடுத்துத் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம், தேவையான பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அங்கேதான் அடுத்த சிக்கல். ஆளுக்கொரு பகுதியை எடுத்தால் மறுபடியும் பழைய கதைதானே?

இரண்டு அண்டை நாடுகள் செய்த வேலை

இந்தச் சிக்கலை அமெரிக்காவும் கனடாவும் கையாண்ட விதம் நல்ல பாடம். இரண்டுக்கும் நடுவே மிக நீளமான எல்லை. தினமும் லாரி லாரியாகச் சரக்கு போகும், வரும். ஆனால் லேபிள் விதிகள் வேறு வேறு.

அமெரிக்காவில் 1983-ல் விதி வந்தது. ஆபத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொன்னது. எந்தப் படத்தால், எந்த வார்த்தையால் என்று சொல்லவில்லை. கம்பெனிக்கு ஒரு பாணி. கனடாவில் 1988-ல் 'விமிஸ்' என்ற முறை வந்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உருவாக்கியது அது. வட்டத்துக்குள் படம், சுற்றிலும் கோடு போட்ட விளிம்பு, பாதுகாப்புத் தகவல் தாளில் ஒன்பது பகுதிகள் என்று எல்லாமே தனி. எல்லை தாண்டும் டிரம்முக்கு இரண்டு லேபிள், இரண்டு தாள்.

2011-ல் இரு நாட்டு அரசுகளும் விதிகளை ஒத்திசைக்க ஒரு கூட்டு மன்றம் அமைத்தன. 2012-ல் அமெரிக்கா ஜி.எச்.எஸ். முறையைத் தன் விதியில் சேர்த்தது. 2013 ஜூனில் ஓஷாவும் கனடாவின் சுகாதாரத் துறையும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. 2015 பிப்ரவரியில் கனடாவின் புதிய விதிகள் வந்தன. குறிக்கோள் எளிமையானது: ஒரே லேபிள், ஒரே தாள், இரு நாட்டிலும் செல்ல வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: இதற்காகத் தொழிலாளியின் பாதுகாப்பு குறையக் கூடாது.

அந்த நிபந்தனையைத்தான் கவனிக்கணும். ஒத்துழைப்பு என்றால் ஒருத்தர் விதியை இன்னொருத்தர் அப்படியே காப்பி அடிப்பது இல்லை. நோய்க்கிருமி உள்ள பொருள்களுக்குக் கனடாவில் தனி வகையும் தனிப் படமும் இருந்தன. அமெரிக்க விதியில் அப்படி ஒரு வகை இல்லை. கனடா அதை விட்டுக்கொடுக்கவில்லை, இன்றும் வைத்திருக்கிறது. லேபிள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும் என்பதையும் விடவில்லை. தொழிலாளி படிக்கிற மொழியில் லேபிள் இருந்தால்தானே அது லேபிள்!

இன்னொரு பக்கம், கனடா ஒன்றை விட்டது. பழைய முறையில் பாதுகாப்புத் தாளை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். 2015 விதியில் அந்தக் கெடு இல்லை. விற்கும்போது தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று மாறியது. பேச்சுவார்த்தைன்னா கொடுக்கல் வாங்கல் இருக்கும். எதைக் கொடுக்கிறோம் என்பதைத் தொழிலாளர் தரப்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை அதோடு முடியவில்லை. ஐ.நா. புத்தகம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. கனடா 2022 டிசம்பரிலும், அமெரிக்கா 2024 மே மாதத்திலும், ஏழாவது திருத்தப் பதிப்பை ஒட்டித் தங்கள் விதிகளை மாற்றின. கம்பெனி ரகசியம் என்று சொல்லி ஒரு பொருளின் சரியான அளவை மறைத்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி இருந்தது. சரியான சதவீதத்தைச் சொல்லாவிட்டாலும் '10 முதல் 30 வரை', '30 முதல் 60 வரை' என்று குறித்த வரம்புகளில் ஒன்றையாவது சொல்ல வேண்டும் என்று கனடா வைத்திருந்தது. 2024-ல் அமெரிக்காவும் அதே வரம்புகளை எடுத்துக்கொண்டது.

லேபிளுக்கு முன்னால் பயிற்சி

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கு. அமெரிக்கா 2012-ல் விதி போட்டபோது, புதிய லேபிள் ஒட்டுவதற்கு 2015 ஜூன் வரை கம்பெனிகளுக்கு நேரம் கொடுத்தது. ஆனால் புதிய படங்களைத் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்க 2013 டிசம்பர் 1 கடைசி நாள். அதாவது, லேபிளுக்கு ஒன்றரை வருஷம் முன்பே பயிற்சி! ஏன்னா, புதுப் படத்தோடு டிரம் வந்து நிற்கும்போது, அதைப் பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும். புரியாத படம் வெறும் அலங்காரம்.

1983 விதி தொழிலாளிக்குத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தந்தது, புதிய விதி புரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது என்று ஓஷா சொன்னது. தெரிவதும் புரிவதும் ஒன்றில்லை. பதினாறு பக்கத் தாளை ஆங்கிலத்தில் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், 'தெரிவித்தாயிற்று'. அதைப் படித்துக் காட்டினால்தான் புரியும்.

கடைசிப் பத்தடி

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

கடல் கடந்து, துறைமுகம் கடந்து, கன்டெய்னர் லாரியில் ஏறி ஒரு டிரம் நம்ம குடோனுக்கு வருது. லேபிள் பத்திரமா இருக்கு. இத்தனை நாடுகள் இத்தனை வருஷம் பேசியதன் பலன் அந்தக் காகிதம். அடுத்து என்ன நடக்கும்? டிரம்மிலிருந்து பத்தடி தள்ளியிருக்கிற மெஷினுக்குக் கொண்டுபோக, ஒரு பக்கெட்டில் ஊற்றுவோம். இல்லைன்னா, பக்கத்தில் கிடக்கிற தண்ணி பாட்டிலில். அந்தப் பக்கெட்டில் லேபிள் கிடையாது. பாட்டிலில் லேபிள் இருக்கும், ஆனால் அது மினரல் வாட்டர் லேபிள்!

எல்லைகளைத் தாண்டி வந்த தகவல், நம்ம ஷெட்டுக்குள் கடைசிப் பத்தடியில் தொலைஞ்சு போகுது.

மெத்தனால் தண்ணீர் மாதிரியே நிறமில்லாமல் இருக்கும். அதன் டிரம்மில் தீச்சுடர், மண்டை ஓடு, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதன் என்று மூன்று படங்கள் இருக்கும். பாட்டிலுக்கு மாற்றிய அந்த நொடியில் மூன்றும் காணாமல் போகும். தோல் பதனிடும் இடத்தில் சோடியம் சல்ஃபைடு இருக்கும், அமிலமும் இருக்கும். இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு வரும். ஆளைச் சாய்க்கும் வாயு. பெயர் எழுதாத இரண்டு பக்கெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எது எதுன்னு யாருக்குத் தெரியும்? வீட்டிலேயும் இதே கதைதான். பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இந்தப் பத்தடிக்கும் அந்த இரு நாடுகளும் விதி வைத்திருக்கின்றன. சின்னப் பாத்திரத்துக்கு மாற்றினால், அதிலும் பொருளின் பெயரும் ஆபத்து பற்றிய குறிப்பும் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கா. மாற்றியவரே உடனே பயன்படுத்தித் தீர்த்தால் மட்டும் விலக்கு. கனடாவில் பெயர், பாதுகாப்பாகக் கையாளும் முறை, பாதுகாப்புத் தாள் இருக்கிறது என்ற குறிப்பு ஆகிய மூன்றும் வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஒரு மார்க்கர் பேனா, ஒரு ரோல் டேப். அவ்வளவுதான்.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது?

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்ற தகவல் போதுமான அளவு இல்லாமல் மருத்துவர்கள் தவித்தார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள் பற்றிய தகவலைத் தொழிலாளிக்குச் சொல்வது ஆலையை நடத்துபவரின் கடமை ஆனது. உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை ஆனது. 2020-ல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கு. 1989-ல் வந்த அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய மத்திய அரசின் விதிகள், கலனில் லேபிளும் கூடவே பாதுகாப்புத் தாளும் கட்டாயம் என்கின்றன.

ஜி.எச்.எஸ். முறையை முழுமையாக ஏற்ற தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. அதனால் நம்ம குடோனில் இரண்டு மூன்று விதமான குறியீடுகள் கலந்து நிற்கும். குழம்பாமல் இருக்க ஒன்றிரண்டு சொல்றேன். நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று நாலு கட்டம் போட்ட சாய்சதுரம் ஒன்று பார்த்திருப்பீங்க. அதில் 0 முதல் 4 வரை எண். அங்கே 4 என்றால்தான் ஆபத்து அதிகம். ஜி.எச்.எஸ். தாளில் 'வகை 1' என்றால் ஆபத்து அதிகம், எண் ஏற ஏற ஆபத்து குறையும். நேர் எதிர்! பூச்சிமருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணம் வேறு முறை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறையும். பச்சை என்றால் நச்சு குறைவு என்றுதான் அர்த்தம், நச்சே இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஒன்பது படங்கள்

இதை மட்டும் இன்னைக்கு மனசில் ஏத்திக்கோங்க.

வெடித்துச் சிதறும் குண்டு: வெடிக்கும் பொருள்.
தீச்சுடர்: தீப்பிடிக்கும்.
வட்டத்தின் மேல் சுடர்: தானே எரியாவிட்டாலும், பக்கத்தில் எரிவதை இன்னும் வேகமாக எரிய வைக்கும். வெளுக்கப் பயன்படும் அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு டிரம்மில் இதைப் பார்க்கலாம்.
சிலிண்டர்: அழுத்தத்தில் அடைத்த வாயு.
கை மேலும் உலோகத்தின் மேலும் சொட்டும் திரவம்: தோலையும் கண்ணையும் அரிக்கும். காஸ்டிக் சோடாவில் இருக்கும்.
மண்டை ஓடு: குறைந்த அளவே உடனடியாக உயிருக்கு ஆபத்து.
ஆச்சரியக்குறி: எரிச்சல், தோல் அலர்ஜி, மயக்கம் போன்றவை.
நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதன்: புற்றுநோய், மூச்சுக்குழாய் அலர்ஜி, கருவுக்குப் பாதிப்பு, உறுப்புகளுக்குச் சேதம்.
காய்ந்த மரமும் செத்த மீனும்: நீர்நிலைக்குக் கேடு.

இதில் எட்டாவது படத்தைத்தான் ஜனங்க சாதாரணமா விட்டுடுறாங்க. மண்டை ஓட்டைப் பார்த்தால் பயம் வருது. மனிதன் படத்தைப் பார்த்தால் ஏதோ அழகான டிசைன் மாதிரி இருக்கு. ஆனால் இன்னைக்கு ஒன்றும் செய்யாமல், பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தும் பொருளுக்கும் இந்தப் படம்தான் வரும்.

கூடவே ஒரு எச்சரிக்கைச் சொல் இருக்கும். 'டேஞ்சர்' என்றால் கடுமையான ஆபத்து. 'வார்னிங்' என்றால் அதைவிடக் குறைவு.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே படங்கள்தான். மலேசியாவில் எழுத்து மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எழுத்து புரியாவிட்டாலும் படம் புரியணும். இங்கே கற்றுக்கொண்டு போனால் அங்கேயும் உதவும்.

கையில் இருக்கும் போனை வைத்து என்ன செய்யலாம்?

ஒன்று: புது டிரம் வந்ததும் லேபிளைப் போட்டோ எடுத்து வைங்க. பொருளின் பெயர், தயாரித்த கம்பெனி, படங்கள் எல்லாம் தெளிவாக விழணும். லேபிள் நனைந்து கிழிந்தாலும் தகவல் உங்க கையில் இருக்கும்.

இரண்டு: மேற்பார்வையாளரிடம் பாதுகாப்புத் தாளைக் கேளுங்க. ஆங்கிலத்தில் 'எஸ்.டி.எஸ்.' என்பார்கள். ஜி.எச்.எஸ். முறையில் அதில் 16 பகுதிகள், வரிசை எங்கேயும் மாறாது. எல்லாம் படிக்க வேண்டாம். இரண்டாவது பகுதியில் ஆபத்து, நான்காவதில் முதலுதவி, எட்டாவதில் எந்தக் கையுறை, எந்த முகமூடி. இந்த மூன்றையும் தமிழில் எழுதி வேலை செய்யும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்க.

மூன்று: சின்னப் பாத்திரத்துக்கு மாற்றினால், அப்போதே அதன் மேல் பெயரையும் ஆபத்தையும் எழுதுங்க. சாப்பாட்டு டப்பாவிலும் தண்ணி பாட்டிலிலும் ஒருபோதும் ஊற்றாதீங்க. பெயர் இல்லாத பாட்டிலை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்காதீங்க. ஒதுக்கி வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்க.

நான்கு: யாருக்காவது பாதிப்பு என்றால் 108-க்கு அழையுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லேபிள் போட்டோவைக் கூடவே கொண்டு போங்க. 'ஏதோ ஆசிட்' என்று சொல்வதற்கும் பெயரைக் காட்டுவதற்கும் சிகிச்சையில் வித்தியாசம் இருக்கு.

ஐந்து: கேட்டும் தகவல் தரவில்லை என்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்களிடம் தெரிவிக்கலாம். உங்க ஆலையில் பாதுகாப்புக் குழு இருந்தால், முதலில் அங்கே எழுப்புங்க.

முதலாளிமார்களுக்கும் ஒன்று சொல்லணும். லேபிள் ஒட்டிய பாத்திரத்தால் உற்பத்தி நிற்காது. தப்பான பக்கெட்டைத் தூக்கி ஊற்றினால் நிற்கும்.

நாடுகளுக்கு இடையே இருக்கும் தூரத்தை அரசுகள் பேசிப் பேசிக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. டிரம்முக்கும் பக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் பத்தடி நம்ம கணக்கு. நாளைக்கு ஷிஃப்ட்டுக்குப் போனதும், பெயர் இல்லாத பாத்திரம் எத்தனை இருக்குன்னு முதல்ல எண்ணிப் பாருங்க. எண்ணி முடித்ததும் மார்க்கரைக் கையில் எடுங்க.